கடற்படையா, வணிகக் கப்பலா? மும்பைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு தாராவியிலும் செம்பூரிலும் பல தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. பிள்ளையை இந்தியக் கடற்படைக்கு அக்னிவீரராக அனுப்புவதா, கடன் வாங்கியாவது வணிகக் கப்பல் படிப்பில் சேர்ப்பதா? கொலாபா பக்கம் போனால் நேவி நகர் தெரிகிறது. பேலாப்பூர், நெருல் பக்கம் போனால் கப்பலுக்கு ஆள் எடுக்கும் அலுவலகங்கள். போதாக்குறைக்கு, கப்பலில் சம்பாதித்துத் தூத்துக்குடியில் வீடு கட்டிய சித்தப்பா ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவர் சொல்லுக்குத் தனி எடை.

சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சித்தப்பா ஜெயித்துவிடுவார். நான் வேறு கணக்குப் போடுகிறேன். இரண்டு வழியிலும் ஒரு இருட்டுக் கட்டம் இருக்கிறது. அது எந்த வயதில் வருகிறது, அப்போது செலவு யார் தலையில் விழுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் கடற்படை. அக்னிவீரர்களை நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கும் அக்னிபத் திட்டம் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. வயது பதினேழரை முதல் 21 வரை. மணமாகாதவராக இருக்க வேண்டும். நான்கு ஆண்டு முடியும்வரை திருமணம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர். பிரிவு, பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு எம்.ஆர். பிரிவு. எம்.ஆர். என்றால் சமையல், பரிமாறல், சுகாதாரப் பணிகள். சேரும் முன்பே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கணினித் தேர்வு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம் (ஆண்களுக்கு ஆறரை நிமிடத்தில்) உள்ளிட்ட உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டினால் ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி. பெண்களும் சேரலாம். 2023 மார்ச்சில் பயிற்சி முடித்த முதல் அணியில் சுமார் 2,600 பேர். அவர்களில் 273 பேர் பெண்கள்.

வீட்டிலிருந்து போகும் பணம் அநேகமாக விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. அதில் முப்பது சதவீதத்தைச் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வதால் முதல் ஆண்டு கையில் வருவது 21,000. பிடித்த தொகைக்கு இணையாக அரசும் போடுகிறது. வெளியே வரும்போது வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம், வரி இல்லாமல். பணிக்காலத்தில் 48 லட்சம் ஆயுள் காப்பீடும் உண்டு. ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை.

இருட்டுக் கட்டம் கடைசியில் வருகிறது. ஓர் அணியில் அதிகபட்சம் கால்வாசிப் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வெளியே. பாதுகாப்பு அமைச்சகப் பணிகளிலும் மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் பத்து சதவீத இடஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். 2022 இறுதியில் சில்காவுக்குப் போன முதல் அணிக்கு 2026 இறுதியில்தான் நான்காண்டு நிறைகிறது. ஆகவே "வெளியே வந்தால் வேலை காத்திருக்கிறது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம், 22 வயதில் பத்து லட்சத்துக்கு மேல் கையில், கடன் ஒரு பைசா இல்லாமல் நிற்கிற பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்?

வணிகக் கப்பலில் இருட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஜி.பி. ரேட்டிங் எனப்படும் ஆறு மாத மாலுமிப் படிப்பு. அதிகாரி ஆக வேண்டுமானால் நுழைவுத் தேர்வு எழுதி ஓராண்டு நாட்டிகல் டிப்ளமோ, பிறகு பயிற்சி மாணவராகக் கடலில் பதினெட்டு மாதம், அதன்பின் அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் தேர்வு. கட்டணம் லட்சங்களில். படிப்பு முடிந்த அன்று கப்பல் வந்து நிற்காது. முதல் கப்பல் கிடைக்கும்வரை ஓடும் மாதங்களுக்கு அப்பாவின் சேமிப்புதான் பதில் சொல்ல வேண்டும். ஏஜெண்டுகள் பிழைப்பதும் அந்த மாதங்களில்தான். "இரண்டு லட்சம் கொடுங்கள், அடுத்த வாரம் கப்பல்" என்பவர் தேன் ஒழுகப் பேசுவார், சில சமயம் தமிழிலேயே. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். எனப்படும் ஆட்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். அதன் தலைமை அலுவலகமே காஞ்சூர்மார்கில் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் சித்தப்பா சொல்வது உண்மைதான். அதிகாரியாக உயர்ந்தவரின் வருமானத்தை அக்னிவீரர் நெருங்க முடியாது. ஆனால் கீழ்நிலைப் பணிகளில் ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் மாதங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை என்பதையும் அவர் சொல்ல வேண்டும். ஒரு சுதந்திரம் உண்டு: பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். அக்னிவீரர் நடுவில் தன் விருப்பப்படி விலக முடியாது. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அதைச் சடங்காக நினைத்துப் போட வேண்டாம்.

இரண்டு வழிக்கும் பெற்றோர் செய்யக்கூடிய உருப்படியான உதவி தாள்களில் இருக்கிறது. மகாராஷ்டிரப் பள்ளிகள் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரையோ ஊர்ப் பெயரையோ யாரோ எழுதிவிட்டிருப்பார்கள். ஆதாரில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு வரிசை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு. கடற்படை மாநிலவாரியாகத் தேர்வு செய்கிறது என்பதால் டோமிசைல் எனப்படும் மாநிலக் குடியிருப்புச் சான்று முக்கியம். மகாராஷ்டிரத்தில் அதற்குப் பதினைந்து ஆண்டு குடியிருப்பைக் காட்ட வேண்டும். நடுவில் சில வருடம் பாட்டியுடன் ஊரில் படித்த பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கும். இன்னொன்று, நிறக்குருடு. கல்லூரிக் கட்டணம் கட்டும் முன்பே இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

மதிப்பெண் நன்றாக உள்ள பிள்ளைக்கு இந்த விவாதமே தேவையில்லை. ஜே.இ.இ. மெயின் தரவரிசையும் எஸ்.எஸ்.பி. என்ற படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலும் வழியாகக் கண்ணூர் அருகே ஏழிமலை கடற்படை அகாதமியில் நான்காண்டு பி.டெக்., செலவு முழுக்கக் கடற்படையுடையது, முடிவில் நிரந்தர அதிகாரி. சங்கப் புலவர்கள் பாடிய நன்னன் என்ற மன்னனின் மலை அது! இரண்டில் எதுவும் இதற்கு ஈடில்லை. கடலே வேண்டாம், கப்பல் போதும் என்பவர்களுக்கு மஸகான் டாக், நேவல் டாக்யார்டு அப்ரண்டிஸ் பயிற்சிகள் உள்ளூரிலேயே இருக்கின்றன.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு கடற்படை முதலில் என்பதுதான். பதினெட்டில் போனவர் 22இல் திரும்புகிறார், ஜி.பி. ரேட்டிங்கிற்கு 25 வரை வயது இருக்கிறது, கட்டணத்துக்குச் சேவா நிதி இருக்கிறது. கடற்படை அக்னிவீரர்கள் வணிகக் கப்பலுக்கு மாற ஆறு வழிகளைக் கப்பல் துறை அமைச்சகமும் 2022 ஜூனிலேயே அறிவித்தது. மறுபக்கமிருந்து வர முடியாது. 21 தாண்டினால் கடற்படையின் இந்தக் கதவு மூடிவிடும். ஒரு குடும்பத்துக்கு மட்டும் மாற்றிச் சொல்வேன்: படிப்பு முடிந்ததும் கப்பலில் இடம் தருவதாகச் சொல்லும் நல்ல கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர் கடிதம், சேர்க்கைக்கு முன்பே, பிள்ளையின் பெயரில் கையில் இருக்கும் குடும்பத்துக்கு.