பெங்களூரில் இருந்து ஸ்பீட்வே பார்ப்பது: பல சீசன்களுக்குப் பிறகு என் அனுபவம்

ஸ்பீட்வே பந்தயத்தை இந்தியாவில் இருந்துகொண்டு ஒழுங்காகப் பின்தொடர முடியுமா என்று கேட்கிற பைக் பிரியர்களுக்கு என் பதில்: தாராளமாக முடியும், ஆனால் ஹைலைட்ஸை மட்டும் பார்த்தால் ஒரே மாசத்தில் சலித்துவிடும். அல்சூரில் வீட்டில் உட்கார்ந்து பல சீசன்களாக விடாமல் பார்த்து வருகிறேன். முழு ஒளிபரப்பு, கையில் பேனா, ஒரு தாள், இந்த மூன்றும் இருந்தால்தான் இந்த விளையாட்டு நம்மைப் பிடித்து வைக்கும் என்பது என் தீர்மானமான கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நீள்வட்ட மண் தடம், நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக் கிடையவே கிடையாது, எடை குறைந்தது 77 கிலோ இருந்தால் போதும். இடது காலில் இரும்புத் தகடு அடித்த பூட்ஸ். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அடுத்து 1, கடைசி ஆளுக்கு 0. இப்படி நான்கு பேர் ஓடும் ஒரு ஓட்டம்தான் ஹீட், ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று ஹெல்மெட் உறை நிறத்தை வைத்து யார் யார் என்று கண்டுபிடிக்கலாம், அதனால் சின்னத் திரையிலும் குழப்பம் வராது.

பிரேக் இல்லை என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே. என் சித்தப்பா மைசூர் ஐடியல் ஜாவா வண்டிகளிலேயே வளர்ந்தவர், இன்றைக்கும் யெஸ்டி ரோட்கிங்கை துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பிரேக்கே இல்லையாடா? அப்புறம் எப்படிடா நிக்கும்?" என்றார். "நிக்கறத விடுங்க சித்தப்பா, வளைவுல எப்படித் திரும்புதுன்னு பாருங்க" என்றேன். வளைவுக்குள் நுழையும்போதே பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்க விடுகிறார்கள், முன்சக்கரம் திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்கிறது, அந்தச் சறுக்கலே வேகத்தைத் தின்றுவிடுகிறது, மீதியை ஆக்ஸிலேட்டரை வைத்தே சமாளிக்கிறார்கள். நான்கு பேர் ஒட்டிக்கொண்டு போகும்போது முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க இடம் இருக்காது, ஆகவே பிரேக் இல்லாமல் இருப்பதுதான் இங்கே பாதுகாப்பு. செக் நாட்டில் டிவிஷோவ் என்ற ஊரில் ஜாவா பெயரில்தான் ஸ்பீட்வே வண்டிகள் தயாராகின என்று சொன்னதும் அவருக்கு இன்னும் சுவாரசியம் கூடிவிட்டது. இப்போது இறுதிச்சுற்று இரவுகளில் அவரே போன் செய்து "எத்தனை மணிக்குடா?" என்று கேட்கிறார்.

சரி, ஹைலைட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீட்வேயில் பெரும்பாலான ஹீட்கள் முதல் வளைவிலேயே பாதி முடிவாகிவிடும். ஸ்டார்ட்டில் குறுக்கே கட்டிய நாடா மேலே போகும் அந்தக் கணத்தில் கிளட்சை யார் சரியாக விட்டார், எந்த கேட்டில் (ஸ்டார்ட்டில் நிற்கும் இடம், உள்பக்கத்தில் இருந்து 1 முதல் 4 வரை) நின்றார், அந்த கேட்டுக்கு முன்னால் மண் எப்படி இருக்கிறது, இதெல்லாம் ஒளிபரப்பில் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நிமிஷத்தில்தான் தெரியும். ஓட்டுநர்கள் பூட்ஸ் காலால் மண்ணைக் கிளறித் தங்கள் சக்கரத்துக்குக் குழி பறிப்பது, பிட்டில் மெக்கானிக் பின்பக்கப் பல்சக்கரத்தை மாற்றுவது, டிராக்டர் வந்து தடத்தைச் சமன் செய்வது, தண்ணீர் தெளிப்பது, எல்லாமே ஆட்டத்தின் உள்ளே இருக்கிற விஷயங்கள். ஹைலைட்ஸ் வெட்டுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இவற்றைத்தான். மிச்சம் இருப்பது மண் பறக்கிற ஒரு நிமிஷக் காட்சி, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஏன் ஜெயித்தார் என்று கடைசி வரை புரியாது.

தடம் ஒரே இரவில் மாறுகிறது என்பதைக் கவனிக்க ஆரம்பித்தால் அப்புறம் கண் எடுக்க முடியாது. கிரிக்கெட்டில் ஐந்தாம் நாள் பிட்ச்சைப் பற்றி நாம் பேசுவோமே, அந்தக் கதை இங்கே இரண்டு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். தொடக்கத்தில் உள்பக்கம் பிடிப்பாக இருக்கும், முதல் கேட்டில் நிற்பவர் சுலபமாக வெளியேறிவிடுவார். ஹீட்கள் போகப் போக சக்கரங்கள் தளர்ந்த மண்ணை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், எட்டு பத்து ஹீட் முடிந்ததும் வேலி ஓரமாக ஒரு பாதை உருவாகிவிடும், அப்போது நான்காவது கேட்டில் இருப்பவர் பெரிய வட்டம் அடித்து மூன்று பேரையும் ஒரே வளைவில் தாண்டுவார். எந்த ஹீட்டில் இந்த மாற்றம் நடக்கும் என்பது மண், தண்ணீர், காற்று, தட ஊழியர்கள் எல்லாவற்றையும் பொறுத்தது. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஓட்டுநர்தான் பெரிய ஓட்டுநர்.

அதற்குத்தான் தாள். உலகப் பட்டத்துக்கான தொடர்தான் கிராண்ட் பிரீ, ஒரு ஊரில் ஓர் இரவு நடப்பது அதில் ஒரு சுற்று. அதில் 16 பேர், இறுதி ஓட்டத்துக்கு முன் 20 ஹீட். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓடுவார், ஒவ்வொரு முறையும் மூன்று எதிராளிகள், அதாவது மற்ற 15 பேரையும் சரியாக ஒரு முறை சந்தித்துவிடுவார். இந்தக் கணக்கே எனக்கு அவ்வளவு பிடிக்கும். கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்: ஹீட் எண், கேட், ஹெல்மெட் நிறம், புள்ளி, அவ்வளவுதான். பத்தாவது ஹீட் தாண்டும்போது எந்த கேட்டில் இருந்து எத்தனை வெற்றி என்று தாளைப் பார்த்தாலே இறுதி ஓட்டத்தில் யார் எந்த கேட்டைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்கலாம். நேரலை விட்டு விட்டு வந்தாலும் ஆட்டம் கையை விட்டுப் போகாது என்பது கூடுதல் லாபம்.

2025 செப்டம்பர் 13, டென்மார்க்கின் வோயன்ஸ். அந்த இரவை இந்தத் தாளோடு பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் ஆறாவது உலகப் பட்டத்துக்காக நிற்கிறார், எதிரே ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸ், அவருக்கு அது கிராண்ட் பிரீயில் முதல் முழு சீசன், அதுவும் சீசனின் கடைசி கிராண்ட் பிரீ சுற்றுகளை வரிசையாக ஜெயித்துக்கொண்டு வந்திருக்கிறார். இறுதி ஓட்டத்தையும் கர்ட்ஸ்தான் ஜெயித்தார். ஸ்மார்ஸ்லிக் இரண்டாவது. ஆனால் சீசன் மொத்தத்தில் 183க்கு 182, ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஸ்மார்ஸ்லிக்குக்கு. சீசன் முழுக்க எங்கேயாவது ஒரு இடம் மாறியிருந்தால் கதை வேறு. நியூசிலாந்தின் ஐவன் மாகர், ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் இருவரும்தான் அதற்கு முன் ஆறு பட்டம் வாங்கியவர்கள், அந்த வரிசையில் அன்று ஸ்மார்ஸ்லிக் போய்ச் சேர்ந்தார். ஹைலைட்ஸில் அந்த ஓட்டம் ஒரு நிமிஷம் வரும். நான் அன்றைக்கு மூச்சு அடைத்தது போல உட்கார்ந்திருந்தேன்.

இதே வோயன்ஸில் 2023இல் நடந்ததும் மறக்காது. தகுதிப் பயிற்சியில் விதிப்படியான உடைக்குப் பதில் வேறு உடை போட்டுக்கொண்டு இறங்கியதற்காக ஸ்மார்ஸ்லிக்கை அந்தச் சுற்றில் இருந்தே நீக்கிவிட்டார்கள். பட்டம் கைக்கு வர வேண்டிய நேரத்தில் ஒரு சுற்று முழுக்கப் பூஜ்யம். விதி விதிதான் என்றாலும் அந்தத் தண்டனை மிக அதிகம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு வாரம் கழித்து டோருன் நகரில் போய் பட்டத்தை எடுத்தார்.

நேரம் பெரிய பிரச்சினை இல்லை. கோடையில் போலந்துக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அங்கே மாலை 7 என்றால் நமக்கு இரவு பத்தரை, முடியும்போது இரவு ஒரு மணி ஆகிவிடும். சனிக்கிழமை என்பதால் மறுநாள் வேலைக்கு ஓட வேண்டியதில்லை. போலந்து லீக் வெள்ளிக்கிழமை இரண்டாவது ஆட்டம் மட்டும் நள்ளிரவுக்குத்தான் ஆரம்பிக்கும், அதை நான் காலையில் எழுந்து முடிவு தெரியாமல் பார்த்துக்கொள்வேன், போன் நோட்டிபிகேஷனை எல்லாம் அணைத்துவிட்டு.

பணம், நேரலை இரண்டும்தான் தொந்தரவு. சீசன் பாஸ் எடுக்கும்போது என் வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடி இருந்தது, அதைத் திறந்து வைத்தும் ஒரு முறை பணம் போய் கணக்கு திறக்கவில்லை, மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பித்தான் சரியானது. ஒளிபரப்பு உரிமை யாரிடம் என்பதும் நிலையாக இருப்பதில்லை, அதனால் முழு வருஷப் பாஸை முதல் நாளே வாங்காமல், முதல் சுற்றை ஒரு மாதச் சந்தாவில் பார்த்து, இங்கே ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். மழையால் ஆட்டம் ரத்தாவது சாதாரணம். கூரை உள்ள வார்சா தேசிய மைதானத்தில்கூட 2015இல் ஸ்டார்ட் கருவி கோளாறாகி, தற்காலிகத் தடமும் மோசமாகி, 12 ஹீட்டோடு பந்தயத்தை நிறுத்த வேண்டி வந்தது. ஆக இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கிராண்ட் பிரீ மட்டும் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. சீசனில் அது பத்து இரவு சொச்சம்தான். மீதி வாரங்களை நிரப்புவது போலந்தின் எக்ஸ்ட்ராலீகா. அங்கே இரண்டு அணி, 15 ஹீட், மொத்தம் 90 புள்ளி, அணியிலிருந்து இரண்டிரண்டு பேராக ஓடுவார்கள். ஒருவர் முன்னால் போய்விட்டால் நிற்காமல் போகலாம், ஆனால் தன் கூட்டாளியைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்து எதிராளியை வெளிப்பக்கம் தடுத்து, முதல் இரண்டு இடத்தையும் பிடித்து 5-1 எடுப்பதைப் பார்க்கும்போது இது தனிமனித விளையாட்டே இல்லை என்று தோன்றும். லுப்ளின் 2022, 2023, 2024 என்று மூன்று வருஷம் தொடர்ந்து பட்டம் வாங்கியது, 2025இல் டோருன் அதை முடித்து வைத்தது. ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், எது என்றாலும் சரி. போலிஷ் செய்தித் தளங்களை போனில் மொழிபெயர்த்துப் படித்தால் காயம், இன்ஜின், தடம் பற்றி ஆங்கிலத்தில் வராத செய்தியெல்லாம் கிடைக்கும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இது மனதைக் கனக்க வைக்கிற விளையாட்டு. ஆஸ்திரேலியாவின் டார்சி வார்ட் 2015இல் போலந்தின் ஜெலோனா கோராவில் விழுந்து நடக்க முடியாமல் போனார், அப்போது அவருக்கு வயது 23. மூன்று முறை உலகச் சாம்பியனான டை வுஃபிண்டன் 2025 மார்ச்சில் அதே போலந்தின் குரோஸ்னோவில் விழுந்து பல எலும்புகள் நொறுங்கிப் படுத்தார். வலது மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டால் இன்ஜின் அணைந்துவிடும், வளைவில் காற்று நிரப்பிய தடுப்பு இருக்கும், இருந்தும் நடக்கிறது. விழுந்தவர் எழுந்து கையசைக்கும் வரை எனக்கு அடுத்த ஹீட்டில் மனம் போகாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நேரலையைத் தனியாக விட்டுப் பார்க்க வைக்காதீர்கள்.

இங்கே பக்கத்தில் சறுக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ராயல் என்ஃபீல்டு நடத்தும் ஃபிளாட் டிராக் பயிற்சி உண்டு. அது ஸ்பீட்வே இல்லை, கியரும் பின் பிரேக்கும் உள்ள வண்டி, ஆனாலும் இரும்புத் தகட்டுக் காலைத் தரையில் வைத்து ஒரு வளைவு எடுத்துவிட்டு வந்து ஸ்மார்ஸ்லிக்கைப் பார்த்தால், அவர் எவ்வளவு சீக்கிரம் ஆக்ஸிலேட்டரைத் திறக்கிறார் என்பது தெரியும்.

அக்டோபரில் ஐரோப்பா அடங்கிவிடும். ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் ஜனவரியில், அவர்களுடைய மாலை நேரம் நமக்கு மதியச் சாப்பாட்டு வேளை, அதனால் தூக்கம் கெடாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல இடம் அதுதான்: நான்கு கட்டம் போட்ட ஒரு தாள், ஹெல்மெட் நிறம், புள்ளி, முதல் ஹீட்டில் இருந்து கடைசி ஹீட் வரை.