சாட்ஸ்டோன்: எந்த வாசலில் இறங்குவது என்று தெரிந்துகொண்டு போங்கள்

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே 17 கி.மீ. தள்ளி இருக்கும் சாட்ஸ்டோன் ஷாப்பிங் சென்டரில் பொருள் கிடைக்கவில்லை என்று யாரும் அலுத்துக்கொள்வதில்லை. 550 கடைகளுக்கு மேல் இருக்கின்றன. காரை விட்ட இடம் மறந்துபோவதும், உள்ளே வந்த கதவு அகப்படாமல் போவதும், தரைத்தளம் என்று நினைத்து நடந்தால் அது மேல்தளமாக இருப்பதும்தான் அங்கே பெரிய தொல்லை. கட்டடம் வளர்ந்த விதமே இதற்குக் காரணம். அது ஒரே மூச்சில் கட்டியதல்ல. ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு வளர்ந்தது.

மயர் என்ற பெரிய கடை நிறுவனம் கன்னியர் மடத்திடமிருந்து வாங்கிய நிலத்தில் 60 லட்சம் பவுண்ட் செலவில் கட்டி, 1960 அக்டோபர் 3 அன்று திறந்தது. ஆஸ்திரேலியாவில் டாலர் வந்தது 1966-ல்தான். மெல்பர்னுக்கு இதுபோன்ற சென்டர் இதுதான் முதல் என்றாலும், நாட்டுக்கே முதல் என்று சிலர் சொல்வது தவறு. பிரிஸ்பேனின் செர்ம்சைட் 1957-லேயே வந்துவிட்டது. அன்றைய சாட்ஸ்டோனுக்குக் கூரை கிடையாது. பெரிய கடைகள் ஆட்களை இழுக்க, வருகிறவர்கள் நடைபாதையில் சின்னக் கடைகளைக் கடந்து போகவேண்டும், சூத்திரம் அவ்வளவுதான். சுற்றிலும் கார் நிறுத்த இடம். 1983-ல் தொழிலதிபர் ஜான் காண்டெல் இதை 3 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதற்குப் பிறகு கூரை, மாடி, நீட்சி என்று வேலை ஓயவே இல்லை. இன்று காண்டெல் தரப்புக்கும் விசினிட்டி நிறுவனத்துக்கும் பாதிக்குப் பாதி.

2016-ல் திறந்த பகுதிதான் இப்போது இதன் முகம். வளைந்து வளைந்து போகும் இரும்பு வலைமேல் கண்ணாடி பதித்த கூரை. உச்சி வெயிலில் அந்த வலையின் நிழல் தரையில் கோலம்போல விழும். அங்கே கொஞ்சம் நிற்பதில் தப்பில்லை. பழைய பகுதிக்குள் திரும்பியதும் கூரை தாழ்ந்து, வழி குறுகி, நேர்க்கோடு காணாமல் போகும். வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

நிலம் சரிவானது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தெருவிலிருந்து நேரே நுழையும் தளம் மறுபக்கம் மாடியாகிவிடும். அதனால் போகும் முன் சென்டரின் இணையதளத்தில் கடைப் பெயரைத் தேடி, எந்தத் தளம், பக்கத்தில் எந்தப் பெரிய கடை என்று இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். காரை அந்தப் பெரிய கடையை ஒட்டிய பார்க்கிங்கில் விடுங்கள். எதிர்மூலையில் விட்டுவிட்டுக் கைநிறையப் பைகளோடு திரும்பி நடப்பது தண்டனை. இறங்கியதும் தூணில் உள்ள எழுத்தையும் எண்ணையும், நுழையும் கதவையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். மாடி எண்ணும் அந்தப் படத்தில் விழவேண்டும்.

நெரிசலில் இடம் கிடைப்பதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம். எத்தனை மாடி பார்க்கிங் கட்டினாலும் எல்லா வண்டியும் டாண்டினாங் ரோடு, வாரிகல் ரோடு, மிடில் ரோடு ஆகியவற்றின் சிக்னல்களில்தான் போய் நிற்கவேண்டும். மழைபெய்யும் சனிக்கிழமை மதியமும் கிறிஸ்மஸுக்கு மறுநாளும் காரில் போகாதீர்கள். வார நாள் காலை உத்தமம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வியாழன், வெள்ளி மாலை சரிப்படும். அந்த நாட்களில் இரவு 9 வரை கடைகள் இருக்கும்.

ரயில் நிலையம் கிடையாது. இவ்வளவு பெரிய இடத்துக்கு இது வெட்கக்கேடு. 1968-ல் இதே மயர் கட்டிய சவுத்லேண்ட் ஷாப்பிங் சென்டருக்கு அரை நூற்றாண்டு கழித்து, 2017-ல், வாசலிலேயே ஸ்டேஷன் வந்தது. இப்போது கட்டிவரும் புறநகர் ரயில் வட்டப் பாதையும் சாட்ஸ்டோனைத் தொடாமல்தான் போகிறது. ஆகவே பஸ்தான். பாக்கன்ஹாம், கிரான்போர்ன் ரயிலில் வருகிறவர்கள் ஓக்லியில் இறங்கி 900 அல்லது 903 பிடிக்கலாம். கிளென் வேவர்லி ரயிலில் வந்தால் ஹோம்ஸ்கிளெனில் இறங்கி 903. ரயிலுக்குத் தொட்ட மைக்கி என்ற பயண அட்டையின் இரண்டு மணிநேரக் கட்டணமே பஸ்ஸுக்கும் செல்லும். தனிக் காசு இல்லை. இரண்டுமே ஸ்மார்ட்பஸ் எனப்படும் நீண்ட தட பஸ்கள். 903-இன் ஒரு முனை மோர்டியாலோக், மறுமுனை ஆல்டோனா. வழியில் எங்கே நெரிசல் வந்தாலும் தாமதமாகும் என்பதால் போனில் நேரடி நேரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தத்துக்குப் போங்கள்.

எதற்குப் போகலாம்? கல்யாணத்துக்கு கோட், காலணி, கைக்கடிகாரம் என்று நாலு கடை ஏறி ஒப்பிட்டு வாங்கவேண்டியவற்றுக்கு இதைவிட வசதியான இடம் மெல்பர்னில் இல்லை. குழந்தைகளுக்கு லெகோ கட்டைகளை வைத்து விளையாடும் லெகோலேண்ட் மையம் இருக்கிறது. 2017-ல் வந்தபோது தென் அரைக்கோளத்திலேயே முதலாவது. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். பாலுக்கும் ரொட்டிக்கும் இங்கே வருவது வீண் அலைச்சல். புழுங்கல் அரிசியும் கருவேப்பிலையும் வேண்டுமென்றால் டாண்டினாங் புறநகருக்குப் போங்கள்.