எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: ஜெர்மன் வகையா, பிரெஞ்சு வகையா?

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் வீடு, ரைன் நதிக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் கேல் நகரில் வேலை என்று டிராமில் போய்வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே விதி இருக்குமே என்றால், இல்லை. மின்சாதனப் பாதுகாப்புக்கான 2014/35 ஆணை, வீட்டுப் பிளக்கையும் சாக்கெட்டையும் வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. அது அந்தந்த நாட்டின் பாடு.

எர்த்: ஷூகோ எனப்படும் ஜெர்மன் வகையில் சாக்கெட் குழியின் ஓரங்களில் இரண்டு உலோகக் கிளிப்புகள். பிரெஞ்சு வகையில் சாக்கெட்டிலிருந்தே ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும்.

செருகுவது: ஷூகோவில் தலைகீழாகவும் போகும். பிரெஞ்சில் எர்த் பிளக்குக்கு ஒரே திசைதான். வளைந்த பிளக் என்றால் பக்கத்துத் துளையை வயர் மறைத்துத் தொல்லை கொடுக்கும்.

திறன்: இரண்டும் 16 ஆம்பியர். விலையிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை.

பொருத்தம்: இங்கேதான் விஷயம். இன்றைய எர்த் பிளக்குகள் பெரும்பாலும் இரண்டிலும் போகும். ஓரத்தில் கிளிப்புக்கு உலோகப் பட்டை, முகத்தில் முள்ளுக்கு ஒரு துளை. பழைய ஷூகோ பிளக்கில் அந்தத் துளை இருக்காது, பிரெஞ்சு முள் தடுத்துவிடும். அதற்காக முள்ளை அறுத்துவிடாதீர்கள், எர்த்தே போய்விடும்!

பழைய ஜெர்மன் டிரில், இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தால் ஷூகோ பாக்ஸ். எல்லாம் புதுச் சாமான், இருப்பதும் பிரான்சில் என்றால் பிரெஞ்சு வகையே போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எதை வாங்கினாலும் துளைக்கு உள்மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்சில் சுவர் சாக்கெட்டுக்கு அது கட்டாயம். ஜெர்மனியில் கேட்டு வாங்க வேண்டும்.