‘ரேம் போட்டால் பறக்கும்’ என்றார்கள்: ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று சொன்ன மாத்திரத்தில், திரையைக்கூடப் பார்க்காமல் “ரேம் பத்தவில்லை” (வேலை நடக்கும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம் போதாது) என்று ஒரு சர்வீஸ்காரர் தீர்ப்பு சொன்னால், அவரைக் கேபினட்டைத் திறக்க விடாதீர்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வித்தை ஒரு கடையோடு நிற்பதும் இல்லை.

என்னுடையது 2019இல் வாங்கிய மேசைக் கணினி. 8 ஜிபி ரேம், ஒரே அட்டையாக. அட்டையைச் செருகும் பக்கத்து ஸ்லாட் காலி. 1 டெராபைட் ஹார்டு டிஸ்க். அதில் நாங்கள் செய்யும் வேலையும் பெரிதல்ல: பிரவுசர், கடிதம், வீட்டுக் கணக்கு, புகைப்படங்கள், அவ்வப்போது ஒரு வீடியோ அழைப்பு. கொஞ்ச காலமாக அது படுத்திக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப் வந்த பிறகும் ஐகான்கள் வெள்ளைத் தாளாக நிற்கும். புகைப்பட ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். திடீரென எல்லாம் உறைந்துபோய், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் பெறும். உறைந்து நிற்கும்போதெல்லாம் கேபினட்டின் முன்புறம், டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் சிறு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும்.

இதை அப்படியே சொன்னேன். “8 ஜிபி எல்லாம் இந்தக் காலத்துக்குப் போதாது சார். 16 ஆக்கிவிட்டால் பறக்கும்” என்றார் சர்வீஸ்காரர். விளக்கைப் பற்றி நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

வேலை முடிந்ததும் கடையில் ஒரு செயல்விளக்கம் நடந்தது. அங்கேதான் தந்திரம் இருக்கிறது. என்னைக் கூப்பிடும்போது கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிரவுசரைச் சொடுக்கினார், சட்டென்று திறந்தது. கடிதம் எழுதும் மென்பொருளைச் சொடுக்கினார், அதுவும் சட்டென்று. “பார்த்தீர்களா?” என்றார். நான் வருவதற்கு முன்பே அவற்றை ஒருமுறை திறந்து மூடியிருக்கிறார். விண்டோஸ், மிச்சமிருக்கும் ரேமைச் சும்மா விடாது. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை அதிலேயே வைத்துக்கொள்ளும். கணினியின் நிலவரத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் ‘கேச்டு’ என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஆகவே, இரண்டாம் முறை திறக்கும்போது எந்த மென்பொருளும் வேகமாகத்தான் வரும். பழைய 8 ஜிபியிலும் அப்படித்தான் வந்திருக்கும். கணினியை அணைத்துப் போட்டால் அந்தச் சேமிப்பு காலி. கடையில் யாராவது வேகம் காட்டினால், முதலில் ‘ரீஸ்டார்ட்’ செய்யச் சொல்லுங்கள். வந்ததும் முதல்முறையாக ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். முகம் மாறுவதைக் கவனிக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தேன். அதே வெள்ளை ஐகான்கள், அதே பச்சைக் கோடு.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கம் உண்மை பேசும். வழக்கமான வேலைகள் எல்லாம் திறந்திருக்க, மெமரியில் 16 ஜிபிக்கு 4.3 ஜிபிதான் பயன்பாட்டில் இருந்தது. பழைய 8 ஜிபியிலேயே பாதிக்கு அருகில் காலியாகக் கிடந்திருக்க வேண்டும். பற்றாக்குறையே இல்லாத இடத்தில் இன்னொரு 8 ஜிபியைக் கொட்டியிருக்கிறார்கள். கீழே டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம். அதன் ‘சராசரி பதில் நேரம்’ ஆயிரக்கணக்கான மில்லி விநாடிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல நிலையில் உள்ள ஹார்டு டிஸ்குக்கு அது பத்து, இருபது என்ற அளவில் இருக்க வேண்டும். நோய் டிஸ்கில், வைத்தியம் ரேமுக்கு.

ரேம் எப்போது உதவும், எப்போது உதவாது என்பதைப் புரிந்துகொண்டால் யாரும் இப்படி ஏமாற்ற முடியாது. திறந்து வைத்திருக்கும் வேலைகள் எல்லாம் ரேமில்தான் இருக்கின்றன. இடம் போதாமல் போனால், அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் டிஸ்கில் உள்ள ‘பேஜ் ஃபைல்’ என்ற கோப்பில் எழுதி வைக்கும். வேண்டும்போது திரும்பப் படிக்கும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்கில் அதே வேலைக்கு 10 மில்லி விநாடிக்கு மேல். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ஆகவே பற்றாக்குறை உள்ள கணினியில் ரேம் சேர்த்தால் கிடைக்கும் பலன் கண்ணுக்குத் தெரியும். சில சமயம் வேறு கணினியோ என்றுகூடத் தோன்றும். 4 ஜிபியில் விண்டோஸ் 11ஐ ஓட்டுகிறவர் தாராளமாகச் சேர்க்கலாம். அந்த 4 ஜிபி, மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு மட்டுமே. பிரவுசரில் ஐம்பது பக்கங்களைத் திறந்து வைப்பவர், வீடியோ வெட்டி ஒட்டுபவர், ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டுபவர் ஆகியோருக்கு 16 ஜிபியும் அதற்கு மேலும் தேவைப்படும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் விளையாடுபவருக்கு, ஒரே அட்டைக்குப் பதில் ஒரே மாதிரியான இரண்டு அட்டைகள் இருந்தால் படம் கூடுதல் வேகத்தில் ஓடும். கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரட்டைத் தடத்தில் தகவல் கூடுதலாகப் பாயும்.

தேவை நிறைந்த பிறகு சேர்க்கும் ஒவ்வொரு ஜிபியும் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். கணினி ஆன் ஆகும் நேரம் டிஸ்கைப் பொறுத்தது. இணையத்தின் வேகத்துக்கும் ரேமுக்கும் சம்பந்தமே இல்லை. 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய கணினியில் 8 ஜிபியைப் போட்டாலும் அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. பெரும்பாலும் மூன்றேகால், மூன்றரையோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட கணினிகளுக்கும் கூசாமல் ரேம் விற்கிறார்கள்.

என் டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைத்தான் இந்த மென்பொருள் படித்துக் காட்டுகிறது. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது: படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்கில் தகவல் பதியும் சிறு பகுதிகள்), கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். கெட்ட செக்டரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுதான் டிஸ்க் அப்படி உறைந்து நின்றிருக்கிறது. உடனே புகைப்படங்களை வெளி டிஸ்குக்கு நகலெடுத்தேன். பெரும்பாலானவை பிழைத்தன, சில கோப்புகளைத் திறக்கவே முடியவில்லை.

கடைக்குப் போன் செய்து, வேகம் கூடவில்லை என்று மட்டும் சொன்னேன். “வைரஸாக இருக்கும் சார், கொண்டு வாருங்கள், பார்மட் அடித்துவிடலாம்” என்று பதில் வந்தது. அதற்குத் தனிக் கட்டணமாம். சாகக் கிடக்கும் டிஸ்கைப் பார்மட் செய்து அதிலேயே மறுபடி விண்டோஸை ஏற்றுவது என்ன வைத்தியமோ தெரியவில்லை. நகலெடுக்காமல் கொடுத்திருந்தால் மிச்சப் படங்களும் போயிருக்கும்.

இதற்கிடையில், விண்டோஸ் பெரும் பிழையால் நின்றுபோகும்போது காட்டும் நீலத் திரை வரத் தொடங்கியது. அதுவரை அந்தக் கணினியில் நான் பார்த்திராதது. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற பிழைச்சொல்லோடு கணினி தானே அணைந்து எழுந்தது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தை மறுபடி பார்த்தேன்: ஸ்பீடு 2133. நான் கணினி வாங்கிய பில்லில் ‘டிடிஆர்4, 2666, 8 ஜிபி, ஓர் அட்டை’ என்று தெளிவாக இருக்கிறது (டிடிஆர்4 ரேமின் வகை, 2666 அதன் வேகம்). வேகம் வேறுபட்ட இரண்டு அட்டைகளைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். எனவே புதிதாகப் போட்டது மட்டும் மெதுவானது என்று முதலில் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், 2133க்கும் 2666க்கும் உள்ள வித்தியாசம் வீட்டு வேலைகளில் தெரியவே தெரியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது.

ஒவ்வொரு ரேம் அட்டையிலும் ஒரு சிறு சில்லு உண்டு. அட்டையின் வகை, வேகம், தயாரிப்பாளர், வரிசை எண் எல்லாம் அதில் பதிந்திருக்கும். பெரும்பாலும் தயாரித்த வாரமும் வருடமும்கூட இருக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘எஸ்பிடி’ பக்கத்தைத் திறந்தால் ஸ்லாட் வாரியாகப் படிக்கலாம். படித்தேன். இரண்டு ஸ்லாட்டிலும் 2133. இரண்டும் 2016ஆம் ஆண்டுத் தயாரிப்பு. நான் கணினி வாங்குவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே பிறந்த அட்டைகள், ‘புதியது’ என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. என் 2666 அட்டையைக் காணோம்.

மின்இணைப்பை எடுத்துவிட்டுக் கேபினட்டைத் திறந்தேன். ஓர் அட்டையின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ‘2666’ என்று அச்சாகியிருந்தது. அதன் மூலை லேசாக எழும்பியிருந்தது. படம் எடுத்துக்கொண்டு நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் ‘பிசி4-2133’. மற்ற அட்டையின் தங்க முலாம் பூசிய பற்களில் பலமுறை செருகிக் கழற்றிய கோடுகள் கீறல் கீறலாகத் தெரிந்தன. பிறகு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வோர் அட்டையாகத் தனித்தனியே போட்டுச் சோதித்தேன். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை பிழைகளைச் சிவப்பு வரிகளாகக் கக்கியது, மற்றது தேறியது. (விண்டோஸுக்குள்ளேயே ‘மெமரி டயக்னஸ்டிக்’ என்று ஒரு சோதனை இருக்கிறது, முதல் கட்டத்துக்கு அதுவே போதும்.)

கெட்ட அட்டையைக் கழற்றி வைத்தேன். ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக ஒரு சாதாரண எஸ்எஸ்டியைப் போட்டு, அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை. தகவலைத் தேடி எடுக்க 0.1 மில்லி விநாடி போதும், பழைய டிஸ்கைவிட நூறு மடங்கு விரைவு. இப்போது அதே 8 ஜிபி, அதுவும் மெதுவான 2133 அட்டையில். கணினி ஆன் ஆனதும் ஐகான்கள் நிறத்தோடு வருகின்றன, உறைவது இல்லை, நீலத் திரையும் இல்லை.

ரேமின் பெயரால் ஏமாற்றுவது புதிதல்ல. 1995இல் அமெரிக்காவில் சாஃப்ட்ராம்95 என்ற மென்பொருள், ரேமை இரட்டிப்பாக்கும் என்ற வாக்குறுதியோடு லட்சக்கணக்கில் விற்றது. விண்டோஸ் 95இல் சொன்ன வேலையைச் செய்யவே இல்லை என்று தெரிந்து, அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. இப்போது செல்போன் விளம்பரங்களில் ‘8+8 ஜிபி’ என்று வருவதில் பின்னால் உள்ள 8, போனின் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். அசல் ரேம் அல்ல. எண்ணைப் பெரிதாகக் காட்டினால் வேகம் கூடிவிட்டதாக நம்பும் ஆட்கள் என்றைக்கும் இருக்கிறார்கள் என்ற தைரியம்தான்.

ரேம் போடச் சொல்பவரிடம், நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைக் காட்டச் சொல்லுங்கள். மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெமரி பாதியும் டிஸ்க் நூறுமாக இருந்தால் பேச்சை எஸ்எஸ்டி பக்கம் திருப்புங்கள். மடிக்கணினி என்றால், ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்த மாதிரியா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் சிபியு-இசட் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையைக் கழற்றினால் அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். பில்லில் ‘ரேம் அப்கிரேடு’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். தயாரிப்பாளர், மாடல், வேகம், வரிசை எண் நான்கும் இருக்க வேண்டும். என் பில்லில் மொட்டையாகத்தான் இருக்கிறது.

படங்கள், சோதனை முடிவு எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்தேன். கெட்ட அட்டையைப் பற்றிக் கேட்டால், “ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டீர்களே, இனி வாரண்டி கிடையாது” என்கிறார்கள். என் பழைய அட்டை எங்கே என்று கேட்டதற்கு, “பழையதை யாரும் கேட்பதில்லை சார்” என்றார்கள். கடைசியாக வந்த பதில் இது: பில்லில் வரிசை எண் இல்லாததால், இந்த இரண்டு அட்டைகளும் தங்கள் கடையில் போட்டவைதான் என்பதற்கு நான் ஆதாரம் காட்ட வேண்டுமாம். நுகர்வோர் புகாருக்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்; ஏதாவது நடந்தால் இங்கேயே எழுதுகிறேன்.