நுரையீரல் புற்றுநோய்: ஜீன் டெஸ்ட் ஒவ்வொன்றாகவா, மொத்தமாகவா?

பயாப்சியில் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று வந்துவிட்டால், டாக்டர் அடுத்து எழுதித் தருவது மரபணு மாற்றப் பரிசோதனை. கோபி, தாராபுரம், பொள்ளாச்சி என்று பல ஊர்களிலிருந்து கோயமுத்தூர் வருகிறவர்கள் எங்கள் பேத்தாலஜி லேப் கவுண்டரில் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, இதுல எதைச் செஞ்சாப் போதுமுங்க?" இருப்பது மூன்று வழி.

முதல் வழி, ஒவ்வொரு ஜீனாகப் பார்ப்பது. இஜிஎஃப்ஆர் என்ற ஜீனுக்கு, டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுத்துப் பார்க்கும் பிசிஆர்; ஏஎல்கே, ராஸ்1 ஜீன்கள் இரண்டுக்கும் திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் ஐஎச்சி. சில நாளில் ரிசல்ட், சில ஆயிரம் செலவு. இந்திய அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. புகை பிடிக்காத பெண்களிடம் இன்னும் அதிகம். "எங்கம்மா பீடி சிகரெட் பக்கமே போனதில்லீங்க, அவங்களுக்கு எதுக்குங்க இது?" என்கிறார்கள். அவருக்குத்தான் முதலில் வேண்டும். மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரையிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம்.

இதில் சிக்கல் திசு. சிடி ஸ்கேன் பார்த்து ஊசியில் எடுப்பது நூலிழை கனத்தில் ஒரு துண்டு. அதை மெழுகில் பதித்த பிளாக்கிலிருந்து நாலு மைக்ரான் கனத்தில் சீவுகிறோம். ஒவ்வொரு தடவை மெஷினில் மாட்டும்போதும் மேற்பரப்பைச் சமன் செய்யவே கொஞ்சம் திசு வீணாகும். ஒன்று நெகட்டிவ், சரி அடுத்தது என்று நாலு தடவை போனால் மிஞ்சுவது வெறும் மெழுகு. மறுபடி நெஞ்சில் ஊசி.

இரண்டாவது, என்ஜிஎஸ் பேனல், அதாவது பல ஜீன்களை மொத்தமாகப் படிப்பது. ஒரே தடவையில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1, பிராஃப், மெட், ரெட், கேராஸ் எல்லாம் தெரியும். ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம், செலவு பத்தாயிரக்கணக்கில். டிஎன்ஏவோடு ஆர்என்ஏவும் சேர்ந்த பேனல்தானா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு ஜீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மாற்றங்களை ஆர்என்ஏதான் நன்றாகக் காட்டும்.

மூன்றாவது, லிக்விட் பயாப்சி, அதாவது கட்டி ரத்தத்தில் உதிர்த்த டிஎன்ஏவைத் தேடிப் பார்ப்பது. பதப்படுத்தும் திரவம் உள்ள தனி டியூபில் எடுப்பதால் ஈரோட்டிலோ கரூரிலோ ரத்தம் எடுத்து அனுப்பலாம். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்றால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டி ரத்தத்தில் டிஎன்ஏவை உதிர்க்காமலும் இருக்கும். திசுவைப் பார்த்தே ஆக வேண்டும்.

திசு போதுமான அளவு இருந்து, பணமும் புரட்ட முடிந்தால் நேரே என்ஜிஎஸ் போங்கள் என்பேன். மூச்சுத் திணறி, காத்திருக்க முடியாதவருக்கு ரத்தம், திசு இரண்டையும் ஒரே நாளில் அனுப்பிவிட வேண்டும். கை இறுக்கமா? இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 மூன்றுக்கும் ஒரே மூச்சில் ஸ்லைடு வெட்டச் சொல்லுங்கள்.

ரிசல்ட் வருமுன் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) பற்றிப் பேச்சு வந்தால் "ஜீன் ரிப்போர்ட் வரட்டுங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவருக்கு அது பெரும்பாலும் பலன் தராது. அதன் பின்னாலேயே ஓசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடும். உடனே ஏதாவது செய்தாக வேண்டிய நிலையில் கீமோவை முதலில் தொடங்குவதுண்டு.

வேறு ஊரில் பயாப்சி செய்திருந்தால் ரிப்போர்ட் பேப்பரோடு நிற்காமல் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.