சைனஸ்: பலூன் சிகிச்சையா, எண்டோஸ்கோப்பி அறுவையா?

மாதக்கணக்கில் மருந்து எடுத்தும் சைனஸ் (மூக்கைச் சுற்றி எலும்புக்குள் உள்ள காற்றறைகள்) அடைப்பு தீராதவர்களிடம் மருத்துவர்கள் இரண்டு வழிகளைச் சொல்வதுண்டு. மெல்லிய பார்வைக் குழாயை மூக்குவழியே விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பி அறுவை 1980களில் பரவியது. பலூன் முறைக்கு அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது.

செய்யும் விதம்
பலூன்: சைனஸ் வாயிலில் சிறு பலூனை நுழைத்து, ஊதி விரித்து, பிறகு எடுத்துவிடுவார்கள். திசு எதையும் வெட்டுவதில்லை.
அறுவை: அடைக்கும் திசுவையும் மெல்லிய எலும்பையும் நீக்கி வழியை அகலப்படுத்துவார்கள்.

மயக்க மருந்து
பலூன்: பலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும்.
அறுவை: பெரும்பாலும் முழு மயக்கம்.

தேறும் காலம்
பலூன்: ஓரிரு நாட்கள்.
அறுவை: ஒன்றிரண்டு வாரம். அதன்பின்னும் மூக்கைச் சுத்தம் செய்யப் போக வேண்டியிருக்கும்.

எதைச் சரிசெய்யும்?
இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மூக்கில் பாலிப் சதை இருந்தால் பலூனால் அதை அகற்ற முடியாது. கண்களுக்கு நடுவே தேன்கூடு போல உள்ள எத்மாய்டு அறைகளுக்கும், பூஞ்சைத் தொற்றுக்கும் அது உதவாது. இங்கெல்லாம் அறுவைதான். ஆனால் கண்ணும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால், அரிதாகவேனும் ஆபத்து உண்டு. அனுபவமுள்ள கை அவசியம்.

சரி, யாருக்கு எது? சிடி ஸ்கேனில் நெற்றி, கன்னச் சைனஸ் வாயில்கள் மட்டும் குறுகியிருந்தால் பலூன் போதும். பாலிப், பரவலான வீக்கம் என்றால் சீக்கிரம் தேறலாம் என்பதற்காகப் பலூனைக் கேட்டு வாங்காதீர்கள். அப்புறம், எதைச் செய்தாலும் மூக்கை உப்புநீரால் கழுவுவதும் மூக்கு ஸ்பிரேயும் தொடரும். கழுவும் நீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.