ஹாம்ஸ்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு, எலி போன்ற சிறு பிராணியான ஹாம்ஸ்டர் ஒரு ஜோடி வாங்கினேன். சென்னையில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நெரியும் ஒரு செல்லப்பிராணிக் கடை. ஜோடி 900 ரூபாய், கூண்டு தனி. "குடற்புழு மருந்து கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "எல்லாம் கொடுத்தாகிவிட்டது அக்கா. குழந்தை கையில் வைத்துக் கொஞ்சலாம், ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். அந்தப் பதிலை நம்பித்தான் பணம் கொடுத்தேன். அவர் சொன்னது பொய்.

ஒரே கண்ணாடித் தொட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட ஹாம்ஸ்டர்கள் கிடந்தன. பக்கத்துத் தொட்டியில் வெள்ளை எலிகள். மரத்தூள் ஈரமாக, நாற்றமடித்துக் கிடந்தது. கடையிலேயே கட்டிக் கொடுத்த தானியக் கலவைப் பொட்டலத்தை வீட்டில் பிரித்தபோது சிறு வண்டுகள் ஊர்ந்தன. அரிசியில் வராத வண்டா என்று சலித்துவிட்டுப் போட்டேன். அந்த வண்டு எத்தனை முக்கியமானது என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பத்தாவது நாள் ஒரு ஹாம்ஸ்டருக்கு வயிற்றுப்போக்கு. வால் பக்கம் முழுவதும் நனைந்து, முதுகைக் கூன்போட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வெள்ளரிக்காய் கொடுத்திருப்பீர்கள், நிறுத்துங்கள், சரியாகிவிடும்" என்றார். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. மறுபடி பேசியபோது, உயிருள்ளதை விற்ற பிறகு கடைக்குப் பொறுப்பில்லை என்று வைத்துவிட்டார். அன்றே அதை மருத்துவரிடம் கொண்டுபோகாமல் மாமரத்தடியில் புதைத்துவிட்டேன். எதனால் இறந்தது என்று இனி தெரியப்போவதில்லை. இளம் ஹாம்ஸ்டர்களுக்கு அப்படி வால் நனைவது பெரும்பாலும் பாக்டீரியாவால் வரும் குடல் நோய் என்று பின்னால் கால்நடை மருத்துவர் சொன்னார்.

மற்றொன்று நன்றாகவே ஓடியாடியது. மகள் பள்ளி விட்டு வந்ததும் அதைக் கையில் எடுப்பாள், மடியில் விட்டுக்கொண்டே பிஸ்கட் சாப்பிடுவாள்.

அதன் பிறகுதான் அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வரத் தொடங்கியது. சாப்பாடு குறைந்தது, ஆசனவாயில் அரிப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். முதலில் போன கிளினிக்கில் பரிசோதனை எதுவும் செய்யாமல் ஓர் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பள்ளியிலும் குடற்புழு நீக்க முகாமில் அதே மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை கொடுத்தாயிற்று, புழுவாக இருக்காது என்று நானும் இருந்துவிட்டேன். அந்த மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு போன்ற மண்வழிப் புழுக்களைக் குறிவைத்துத் தருவது. என் மகளின் குடலில் இருந்தது நாடாப்புழு. அதற்கு ஒரு வேளை அல்பெண்டசோலை நம்ப முடியாது.

இரண்டாவதாகப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர்தான், "வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டார். வெவ்வேறு நாட்களில் மூன்று மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டில் எதுவும் இல்லை. மூன்றாவதில் முட்டைகள் தெரிந்தன. ஹைமெனோலெப்பிஸ் நானா என்ற குள்ள நாடாப்புழு. முழுதாக வளர்ந்தாலும் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. மற்ற நாடாப்புழுக்களுக்கு மாடு, பன்றி, மீன் என்று இடையில் இன்னோர் உயிர் வேண்டும். இதற்கு வேண்டாம். மலத்தில் வெளியேறும் முட்டை அப்போதே தொற்றக்கூடியது. விரலில் ஒட்டி வாய்க்குப் போனால் போதும். முட்டை குடலுக்குள்ளேயே பொரித்து அதே உடலில் அடுத்த தலைமுறையைத் தொடங்குவதும் உண்டு. அதனால்தான் ஒரு புழு சில வாரங்களே வாழ்ந்தாலும் தொற்று ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

ஹாம்ஸ்டரின் புழுக்கையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அதிலும் அதே முட்டை. ஹாம்ஸ்டர் தன் புழுக்கையையே தின்னும் பிராணி என்பதால் ஒரே தொட்டியில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும் என்றார். தானிய வண்டைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். முட்டையைத் தின்ற வண்டின் உடலிலும் இந்தப் புழுவின் இளம்பருவம் வளருமாம். அந்த வண்டைத் தின்னும் எலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் தொற்றும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் புழு மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் அதிகம் பரவுகிறது. மகளுக்கு ஹாம்ஸ்டரிடமிருந்துதான் வந்தது என்று குழந்தை மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மருந்து கொடுத்துவிட்டோம் என்று சொல்லி விற்ற பிராணியின் குடலில் புழு இருந்தது. என் கோபம் அதன்மேல்தான்.

வீட்டில் நால்வரும் எடைக்கேற்ப பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து சாப்பிட்டோம், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. ஹாம்ஸ்டருக்குக் கால்நடை மருத்துவர் தனியாக மருந்து கொடுத்தார். மரத்தூளை முழுக்க அகற்றி, கூண்டைக் கொதிநீரில் கழுவினேன். கையைச் சானிடைசரால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், நகங்களுக்கடியிலும்.

அறிக்கையோடு கடைக்குப் போனேன். "எலிக்கெல்லாம் யார் அக்கா மருந்து கொடுப்பார்கள்?" என்றார், முன்பு சொன்னது நினைவே இல்லாதவர் போல. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றிதழைக் கேட்டேன், காட்டவில்லை. நான் வாங்கியதற்கு பில்லும் கிடையாது. நீங்கள் போனால் முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள், பில் வாங்குங்கள், வாங்கிய வாரத்திலேயே புழுக்கையைப் பரிசோதிக்கக் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வாரியத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். மகளுக்கு நேற்று வந்த அறிக்கையில் முட்டை இல்லை. இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி. புகார் கொடுத்த மறுநாள் அந்தக் கடை வழியே போனேன். தொட்டி மறுபடி நிறைந்திருந்தது. ஒரு சிறுவன் அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மாவை நிறுத்தி இதையெல்லாம் சொன்னேன்.